வரச்சொல்லி ஏமாற்றிய கதைகள்

நெடுந்தீவில் இரண்டு பேர் ஊருக்குத் தெரியாமல் சந்திப்பது சுலபமான காரியம் இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பெரியவற்றில் ஒன்று என்றாலும் தரை முழுக்கத் தட்டை. குடாநாட்டில் இருப்பது போலக் கிடுகு வேலி இங்கே மறைப்பதில்லை; சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் மதில்கள்தான் காணிக்குக் காணி ஓடுகின்றன. மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் தலை அந்தப் பக்கம் தெரியும். பனை நிறைய உண்டு, ஆனால் ஒரு பனைக்குப் பின்னால் ஒருவர்தான் ஒளிக்கலாம். இரவில் சத்தம் வெகுதூரம் போகும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுந்தால் காலடி போலக் கேட்கும். கட்டாக்காலிக் குதிரைகள் வேறு எங்காவது கல்லை இடறிக்கொண்டு திரியும்.

இப்படியான ஊரில் ஒருவரை இன்ன இடத்துக்கு வா என்று வேறொருவர் பெயரில் வரச்சொல்லிவிட்டு, மதிலுக்குப் பின்னால் இருந்து சிரிப்பதைப் போலக் கொடிய பகிடி வேறு இல்லை. பட்டணத்தில் என்றால் ஏமாந்தவர் அடுத்த நாள் வேறு தெருவால் போய்விடலாம். இங்கே குறிகட்டுவானுக்குப் போகும் படகில் ஏமாந்தவரும் ஏமாற்றியவரும் சிரித்தவர்களும் ஒரு மணித்தியாலம் ஒன்றாக இருக்க வேண்டும்.

பொய்யாக வரச்சொல்லும் இந்தப் பகிடியைக் கதைகள் எப்படி எடுத்திருக்கின்றன என்று சங்கப் பாட்டிலிருந்து சினிமா வரை பார்த்தால், எல்லாம் ஒரு சாதி இல்லை என்பது தெரியும். யார் யாரை ஏமாற்றுகிறார் என்பது முதல் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி, ஏமாந்தவர் திரும்பி நடக்கிறபோது கதை அவரோடு கூடப் போகிறதா, சிரித்தவர்களோடு நின்றுவிடுகிறதா என்பது. நல்ல கதையையும் கெட்ட கதையையும் பிரிக்க எனக்கு இந்த ஒன்று போதுமாக இருக்கிறது.

தமிழில் இதன் தொடக்கம் அல்லகுறி. இரவுக்குறியில், அதாவது இரவுச் சந்திப்பில், தலைவன் தன் வரவை ஒரு சத்தத்தால் தெரிவிப்பான். தூங்குகிற பறவையைக் கலைப்பான், தண்ணீரில் கல் எறிவான். அந்தச் சத்தம் தானாகவே எழுந்துவிட்டால்? பறவை காற்றுக்குக் கலைந்தால், புன்னைக்காய் தானே நீரில் விழுந்தால்? அவன்தான் வந்தான் என்று தலைவி வெளியே வருவாள், காத்திருப்பாள், ஆளைக் காணாமல் உள்ளே போய்விடுவாள். பிறகு அவன் உண்மையாகவே வந்து குறி செய்யும்போது, அதுவும் பழைய பொய்தான் என்று பேசாமல் படுத்திருப்பாள். இருவரும் வந்தார்கள், இருவரும் ஏமாந்தார்கள், ஏமாற்றியவர் என்று ஒருவரும் இல்லை. தொல்காப்பியக் களவியல் இதற்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. பின்னால் வந்த அகப்பொருள் நூல்களும் கோவைகளும் இதைத் துறையாகத் தொடர்ந்தன.

இதில் யாரும் சிரிப்பதில்லை. குறுந்தொகை 120, பரணர் பாட்டு, அல்லகுறிப்பட்டு மீள்கிறவன் தன் நெஞ்சோடு பேசுவது. பாட்டு நடப்பதே அந்தத் திரும்புகிற வழியில்தான். பணமில்லாதவன் சுகத்துக்கு ஆசைப்பட்ட கதையாகத் தன் ஆசையை அவன் பார்க்கிறான்; அவள் நல்லவள் என்று தெரிந்த நெஞ்சுக்கு அவள் கிடைக்க அரியவள் என்பது தெரியாமல் போயிற்றே என்கிறான். ஏமாற்றத்தில் அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை, தன்னைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. இந்த நிதானம் பிறகு இந்தக் கதைவகைக்குக் கிடைக்கவே இல்லை.

அகப்பாட்டில் நிலமும் பொழுதும் வெறும் பின்னணி அல்ல, மனித மனத்தோடு சேர்ந்து இயங்குவன என்பதை உலகத்துக்கு விளக்கி எழுதியவர்களில் ஒருவர் தனிநாயகம் அடிகள். 1913இல் கரம்பொனில் பிறந்தவர். தகப்பன் வழியில் நெடுந்தீவு. சங்கப் பாட்டில் இயற்கையைப் பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ என்று பொருள்படும் தலைப்போடு 1966இல் மறுபடி வந்தது. நெய்தல் நிலத்து இரவைப் படித்து அறிய வேண்டிய தேவை அந்த வம்சத்துக்கு இருந்திராது. காற்றும் கடலும் ஒரு பெண்ணைப் பேய்க்காட்டிவிடும் என்பதைத் தீவில் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அல்லகுறியை மனிதர் கையில் எடுத்துக்கொண்ட இடம் கலித்தொகையில் இருக்கிறது. கலித்தொகை 65, கபிலர் பாடியதாகச் சொல்லும் குறிஞ்சிக்கலி. முந்திய இரவு நடந்த கூத்தைத் தலைவி தோழிக்குச் சொல்கிறாள். தலைவனுக்காக இருட்டில் அவள் காத்து நிற்கிறபோது, அவன் வரவில்லை. வந்தவன் ஊரிலே திரிகிற கிழட்டுப் பார்ப்பான். மொட்டைத்தலை, கூனல், குட்டநோயால் குறைந்த கைகால். இந்நேரத்தில் நிற்கிற நீ யார் என்று குனிந்து பார்த்து, இனி நீ என் கைக்குள்தான் என்கிற தோரணையில் தாம்பூலம் நீட்டுகிறான். அவள் வாய் திறக்காமல் நிற்கிறாள். அவனுக்குப் பயம் பிடிக்கிறது. பெண் பேயிடம் மாட்டிக்கொண்டேனோ என்று நினைத்து, நானும் ஓர் ஆண் பேய்தான், என்னைத் தொந்தரவு செய்தால் உனக்கு ஊர் போடுகிற பலியை நானே பறித்துக்கொள்வேன் என்று மிரட்டிப் பார்க்கிறான். ஆள் நடுங்குவதைக் கண்டதும் அவள் மண்ணை அள்ளி அவன் மேல் வீசுகிறாள். அவன் போட்ட கூச்சல் ஊரெல்லாம் கேட்டிருக்கும். புலிக்கு வைத்த வலையில் நரி அகப்பட்ட கதை என்று தோழிகள் இருவரும் சிரித்திருப்பார்கள்.

படிக்கிறவருக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. இருட்டில் தனியாக நின்ற பெண்ணைச் சீண்ட வந்த ஆளுக்கு அவள் செய்தது நியாயம். ஆனால் பாட்டு அவனுடைய செய்கையை மட்டும் பகிடி பண்ணவில்லை. கூனல், நோய், முதுமை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிச் சிரிக்க வைத்த பிறகுதான் மண்ணை அள்ளுகிறது. அந்த இரவு அவன் எந்தத் திண்ணையில் போய்ப் படுத்தான் என்று பாட்டுக்குக் கவலை இல்லை. பரணரின் ஆண் நடந்து போன வழியில் கபிலரின் கிழவன் நடக்கவில்லை. கூச்சலோடு அவன் முடிந்துவிடுகிறான். பின்னால் வரப்போகிற நகைச்சுவைகள் பலவற்றின் தாய்ப்பாட்டு இது.

இதிகாசங்களுக்கு வந்தால் இரண்டு எதிரெதிரான காட்சிகள் நிற்கின்றன.

முதலாவது கீசகன். விராட நாட்டு அரசியின் தம்பி, படைத்தலைவன், அரசனே பயப்படுகிற ஆள். சைரந்திரியாக மறைந்து வாழும் திரௌபதியைச் சபையிலேயே உதைக்கிறான். ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் சம்மதித்தவள் போல நடித்து, பகலில் பெண்கள் ஆடல் பழகுகிற, இரவில் ஆளில்லாத நடனசாலைக்கு அவனை வரச்சொல்கிறாள். அவன் குளித்து, அலங்கரித்து வருகிறான். இருட்டில் படுத்திருப்பது வீமன். வில்லிபுத்தூரார் தொடங்கிக் கூத்துக் களரிகள் வரை தமிழில் இந்தப் பொய்ச் சந்திப்புச் சலிக்காமல் சொல்லப்பட்டிருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம், சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’. ஆண்டு 1917 என்றும் 1918 என்றும் சொல்வார்கள். படச்சுருள் இன்று இல்லை. நம்முடைய சினிமா பொய்க் காதல் சந்திப்பு ஒன்றோடு தொடங்கியது என்பதை நினைக்க வேடிக்கைதான். அதற்குப் பத்து வருடம் முன்னர், 1907இல், காடில்கர் மராத்தியில் எழுதிய கீசக வத நாடகத்தைப் பார்த்தவர்கள் கீசகனில் கர்சன் பிரபுவைக் கண்டார்கள். 1910இல் ஆங்கில அரசு நாடகத்தைத் தடை செய்தது. வரச்சொல்லி ஏமாற்றும் கதைக்கு ஓர் அரசாங்கம் பயந்த சந்தர்ப்பம் அது.

மற்றது சூர்ப்பணகை. வால்மீகியில் அவள் இராமனிடம் தன் ஆசையை நேரே சொல்கிறாள். இராமன் பரிகாசமாக, எனக்கு மனைவி இருக்கிறாள், தம்பியிடம் போ என்கிறான். இலக்குவன், நான் அடிமை, எனக்கு வாழ்க்கைப்பட்டு நீயும் அடிமையாவதா, அண்ணனிடமே போ என்கிறான். அது பகிடி என்று அவளுக்கு விளங்கவில்லை என்று கவி வெளிப்படையாகவே சொல்கிறார். இருவருக்கும் நடுவே பந்தாகி, சீதை மேல் பாய்ந்து, மூக்கும் காதும் போகிறது. கம்பன் இந்தப் பந்தாட்டத்தை அப்படியே எடுக்கவில்லை. அவன் காவியத்தில், இராமன் இல்லாத நேரம் பார்த்து அவள் சீதையைப் பிடிக்க வர, காவல் நின்ற இலக்குவன் வெட்டுகிறான். நாயகர்கள் இருவர் ஒருத்தியை வைத்து விளையாடுவதைக் கம்பன் விரும்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அவள் அழுதுகொண்டு போன வழியோடு கதை போகத்தான் செய்தது. இலங்கை வரை போய்ப் போராகத் திரும்பி வந்தது.

கீசகன் வகைக் கதைகள் உலகமெங்கும் இருக்கின்றன. அதிகாரமுள்ள ஆண்கள் தொந்தரவு செய்ய, வேறு வழியில்லாத பெண் நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பாள். பதினோராம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் உபகோசை இதைச் செய்கிறாள். கணவன் தவத்துக்குப் போயிருக்கிறான். இளவரசனின் மந்திரி, அரச புரோகிதர், தண்டநாயகன் மூவரும் வழிமறிக்கிறார்கள். வசந்த விழா இரவில் முதல் சாமம், இரண்டாம் சாமம், மூன்றாம் சாமம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அனுப்புகிறாள். கணவன் கொடுத்து வைத்த பணத்தைத் தர மறுக்கிற வணிகனுக்கு நான்காம் சாமம். முதலில் வந்த மூவரையும் இருட்டறையில் தோழிகள் எண்ணெயோடு மை கலந்து பூசி, கந்தலைக் கட்டிவிட்டு, அடுத்தவன் வந்துவிட்டான் என்று பயம்காட்டி ஒரே பெட்டிக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள். வணிகன் பணம் தன்னிடம் இருப்பதை அந்தப் பெட்டிக்கு முன்னால் வாய்விட்டு ஒத்துக்கொள்கிறான். மறுநாள் அரசன் சபையில் அவன் மறுக்க, பெட்டிக்குள் இருக்கும் குலதெய்வங்களே சாட்சி என்கிறாள் உபகோசை. பெட்டிக்குள்ளிருந்து சாட்சி வருகிறது. வழக்கில் சாட்சி தேடி அலைந்த யாரும் இந்தக் கதையை ரசிப்பார்கள்.

சேக்ஸ்பியரின் ‘வின்சரின் உல்லாச மனைவியர்’ நாடகத்தில் பருத்த கிழவன் ஃபால்ஸ்டாஃப் படுவதும் இதே பாடு. இரண்டு மனைவியருக்கு ஒரே வாசகத்தில் காதல் கடிதம் எழுதினான். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். வா என்றார்கள். முதல்முறை அழுக்குத் துணிக் கூடையில் போட்டுத் தேம்சு ஆற்றில் கொட்டினார்கள். இரண்டாம்முறை கிழவி வேடம் போட்டு அடி வாங்கினான். மூன்றாம்முறை தலையில் கொம்போடு காட்டு மரத்தடியில் நிற்க, தேவதை வேடமிட்ட பிள்ளைகள் கிள்ளினார்கள். முடிவில் எல்லோரும் அவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சிரிக்கத் தீர்மானிக்கிறார்கள். ஊரோடு திரும்பச் சேர்த்துக்கொள்வது, சின்ன ஊர்களில் மட்டும் சாத்தியமான மன்னிப்பு.

இதற்கு நேர்மாறானது பொக்காச்சியோவின் ‘தெக்கமரோன்’ எட்டாம் நாள் ஏழாம் கதை. விதவை எலேனா, பாரீசில் படித்துவந்த ரினியேரியை நத்தார் காலத்து இரவொன்றில் வரச்சொல்லி, முற்றத்துப் பனியில் பூட்டிவிடுகிறாள். தன் காதலனோடு உள்ளே நின்று எட்டிப்பார்த்துச் சிரிக்கிறாள். இரவு முழுவதும் அவன் குளிரில் குதித்துத் திரிகிறான். கதை அங்கே முடியவில்லை. ஆடி மாத வெயிலில் அவளை உடையின்றி ஒரு கோபுரத்தின் உச்சியில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுகிறான் அவன்; தோல் கருகி, ஈ மொய்க்க, அவள் பகல் முழுவதும் கிடக்கிறாள். பொக்காச்சியோ ஏமாந்தவனோடு கூடப் போனார்தான். ஆனால் அவன் பழியோடு மட்டும் போனார். அந்த நூறு கதைகளில் நான் திரும்பப் படிக்க விரும்பாத ஒன்று இது.

கடிதம் பரவலானபின் பகிடிக்கு ஆளே தேவையில்லாமல் போயிற்று. கையெழுத்துப் போதும். ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் வீட்டு மேற்பார்வையாளன் மல்வோலியோ, எசமானி எழுதியதாக நம்பிய பொய்க் கடிதத்தின்படி மஞ்சள் காலுறை கட்டிச் சிரித்துக்கொண்டு வந்து, பைத்தியம் என்று இருட்டறையில் அடைபடுகிறான். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தபின் ஒரே ஒரு வரியில் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மற்றவர்கள் கலியாணத்துக்குத் தயாராகிறார்கள். அந்த ஒரு வரியை நடிகர்கள் நானூறு வருடமாகப் பெரிதாக்கிக் கொண்டிருக்கிறார்கள். பார்வையாளருக்கு அவனோடு வெளியே போக வேண்டும் போலிருப்பதுதான் காரணம்.

இந்தியக் கதைகளில் இந்தப் பகிடியை நேராகவே எடுத்துக்கொண்டவர் பிரேம்சந்த். அவருடைய ‘வினோத்’ என்ற இந்திக் கதையில், ஆசாரம் தவறாத சக்ரதர் என்ற கல்லூரி மாணவனுக்கு, உடன் படிக்கும் லூசியின் பெயரில் சக மாணவர்கள் காதல் கடிதம் எழுதுகிறார்கள். அவன் நம்புகிறான். ஆசாரம் போகிறது, குடுமி போகிறது, கோட்டும் சூட்டும் வருகின்றன. கடன் பட்டுத் தோழர்களுக்கு விருந்தும் வைக்கிறான், தன்னை ஏமாற்றுகிறவர்களுக்கே. ஒன்றும் அறியாத லூசியிடம் நேரே போய்ப் பேசியபோது அவமானம் முழுமையாகிறது. பிரேம்சந்த் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். ஆசாரக்காரனின் வேடம் கலைவதில் அவருக்கும் ஒரு குஷி இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் கணக்கை அவர் மறைக்கவில்லை. பகிடிக்கு ஒரு விலை இருக்கிறது, அதை ஏமாந்தவன்தான் கட்டுகிறான் என்பது கதையில் தெரிகிறது. இன்னொருத்தியும் பாதிக்கப்படுகிறாள்: பெயர் கடன் கொடுக்காமலே பெயர் பாவிக்கப்பட்ட லூசி. இந்த இரண்டாவது ஆளைப் பெரும்பாலான கதைகள் கவனிப்பதே இல்லை.

ஏமாந்தவரோடு முழுத்தூரமும் நடந்தவர் தோமஸ் ஹார்டி. 1874இல் வந்த ‘வெறிக் கூட்டத்துக்கு அப்பால்’ நாவலில், பத்சீபா என்ற இளம் பண்ணைக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சலிப்பில், பக்கத்துப் பண்ணையின் தனிமை மனிதர் போல்ட்வுட்டுக்குக் காதலர் தின அட்டை ஒன்று அனுப்புகிறாள். என்னை மணந்துகொள் என்ற முத்திரையோடு. வெறும் விளையாட்டு. அவருக்கோ அதற்குப் பின் வேறு நினைவே இல்லை. நாவல் நெடுகிலும் அவர் மெல்ல மெல்லக் குலைவதைக் காட்டி, கடைசியில் துப்பாக்கி வரை கொண்டுபோகிறார் ஹார்டி. பத்சீபா கெட்டவள் இல்லை. அதுதான் நாவலின் பலம்.

ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’ (1974) இவ்வகையில் இன்று அதிகம் பேசப்படுவது. கேரி என்ற பெண்ணின் மேல் பன்றி இரத்தத்தை ஊற்றிய காட்சி எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது, அவளை நடன விருந்துக்கு அழைத்தவன் ஏமாற்றவில்லை என்பதை. அழைப்பு உண்மை, அதன்மேல் வேறொருத்தி பொறி வைத்தாள். உண்மையான அழைப்பையே இனி நம்ப முடியாதபடி செய்துவிடுவதுதான் இந்தப் பகிடியின் நீண்டகால வேலை. பரணர் காலத்துத் தலைவி உண்மையான குறி கேட்டும் எழும்பாமல் படுத்திருந்ததும் இதனால்தான்.

நம்முடைய சினிமா இதை எடுத்தபோது பெரும்பாலும் கபிலரின் கிழவனைத்தான் எடுத்தது. கறுத்தவன், குட்டையன், திக்குவாய், பல் மிதந்தவள்; இவர்களுக்குக் காதல் ஆசை வந்தாலே பகிடி. நாயகியின் பெயரில் வந்த கடிதத்தை நம்பிப் பூவோடு போய் அடி வாங்கி வருகிற நகைச்சுவை நடிகரை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! ‘முத்து’ (1995) படத்தில் ஒரே கடிதம் கைமாறிப் போய், யார் யாரோ இருட்டில் வந்து தடுமாறுகிற காட்சி இவற்றைவிடப் பரவாயில்லை. அது மனிதர் வைத்த பொறி அல்ல, கடிதம் தவறிப்போன கதை. அல்லகுறியின் ஒன்றுவிட்ட பேரன்.

திரைக்கு வெளியே இலங்கையில் இது பல்கலைக்கழக வாசலில் நடந்தது. புதுமுக மாணவனை முன்பின் தெரியாத மாணவியிடம் அனுப்பிக் காதல் சொல்ல வைப்பது, சுற்றி நின்று சிரிப்பது. இதைவிடக் கொடிய வகைகளால் உயிர்கள் போனபின், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. இப்போது அந்த வேலையைப் பொய் முகநூல் கணக்கு செய்கிறது. மதிலுக்குப் பின்னால் குந்தியிருக்கவும் தேவையில்லை. கனடாவிலிருந்தோ பாரீசிலிருந்தோ இருந்துகொண்டு தீவில் ஒருவரைச் சந்திக்கு வரச்சொல்லலாம், ‘திரைப்பிடிப்பு’ எடுத்துக் குழுவில் போட்டுச் சிரிக்கலாம்.

நெடுந்தீவுக்கு என்று ஒரு நாவல் இருக்கிறது: செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. 1973இல் வந்தது, 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிப் படமானது. வாடை பெயரும் காலத்தில் வெளியூரிலிருந்து வந்து தீவுக் கரையில் வாடி அடித்துத் தொழில் செய்கிற மீனவர்கள், அவர்கள்பால் சாய்கிற பெண்மனம், அதைப் பொறுக்காத ஊர். இது பகிடிக் கதை இல்லை. ஆனால் பருவத்தோடு வந்தவன் பருவத்தோடு போய்விடுவானோ என்ற பயம், அவன் சொன்ன சொல் உண்மையா என்ற கேள்வி, அல்லகுறியின் கேள்விதான். தீவு எழுத்து இந்தக் கேள்வியைப் பகிடியாக எடுக்காமல் பாரமாக எடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரே படகில் போய்வருகிறவர்கள் சிரிப்பைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள்.

கலித்தொகையை 1887இல் முதன்முதல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை. கிழவன் மேல் மண் வீசிய பாட்டு இருக்கிற அதே நூலில், மருதக்கலியில் 94ஆம் பாட்டாக இன்னொன்றும் இருக்கிறது. அரண்மனையில் வேலை செய்கிற குள்ளன் ஒருவன், கூனி ஒருத்தியை வழியில் மறிக்கிறான். இருவரும் ஊர் சிரிக்கிற ஆட்கள். முதலில் ஒருவரை ஒருவர் மோசமாகவே நக்கலடிக்கிறார்கள். உன்னைக் கட்டிப்பிடிக்க முடியுமா, எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்ற ரீதியில் போகிறது பேச்சு. ஊர் சொல்கிற அத்தனையையும் அவர்களே சொல்லித் தீர்த்துவிடுகிறார்கள். பிறகு இணங்குகிறார்கள். இணங்கியதும் எழுகிற முதல் யோசனை இடத்தைப் பற்றியது. கோயிலுக்குள், அதாவது அரண்மனைக்குள், நம்மைக் கண்டால் இரண்டு பேய் சேர்ந்து கூத்தாடுகின்றன என்று சிரிப்பார்கள். அது வேண்டாம், வெளியே சோலைப் பக்கம் போவோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தச் சந்திப்பில் ஒருவரும் ஒருவரை ஏமாற்றவில்லை. சொன்ன இடத்துக்கு இருவரும் ஒன்றாகவே நடந்து போகிறார்கள்.